தொலைத்தவர்கள் முதலில் போகும் இடம்

மலேசியாவின் ஈப்போவில் யாரும் என்னிடம் எங்கே வாழ்கிறாய் என்று கேட்பதில்லை. எங்கே தங்கியிருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்கள். புந்தோங் சந்தை ஓரத்தில் சோயாப்பாலைத் தயிர் போல உறையவைத்துச் சர்க்கரைப்பாகு ஊற்றித் தருகிற சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக அவரிடம் வாங்கிச் சாப்பிடுகிறேன். போன வாரம்தான் அவருக்கு என்னைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. "யூ ஸ்டே வேர்?" என்றார். "ஐ லிவ் இன் புந்தோங்" என்றேன், லிவ் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தி. "யா லா, ஸ்டே புந்தோங். ஹவ் லாங் ஆல்ரெடி?" ஒன்பது வருடம் என்றேன். "வா! லாங் ஸ்டே!" என்று ஆச்சரியப்பட்டு இன்னொரு கரண்டி பாகு ஊற்றினார். ஒன்பது வருடமாக ஊர் திரும்பாத விருந்தாளியைப் பார்க்கிற பார்வை அது. பாகு நன்றாக இருந்ததால் நான் திருத்தவில்லை.

திருத்துவது என் பிழைப்பு. கோவில்பட்டியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பதினொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். ஒன்றுபோல் தெரிகிற இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஓட்டலில் ஸ்டே செய்கிறோம், வீட்டில் லிவ் செய்கிறோம். காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன். வாங்குகிறவன் பாரோ செய்கிறான், கொடுக்கிறவன் லெண்ட் செய்கிறான். பழுப்பு அட்டை நோட்டில் இப்படி முந்நூறு ஜோடி எழுதி வைத்திருந்தேன். மற்ற ஆசிரியர்கள் என்னை ஜோடிப்பொருத்த வாத்தியார் என்பார்கள். எனக்கு அது கேலியாகவே படவில்லை.

என் சொந்த ஜோடிப்பொருத்தம் கடல் தாண்டி அமைந்தது. கோயம்புத்தூருக்குப் பிசியோதெரபி படிக்க வந்த ஈப்போப் பெண் கௌரியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் பின்னாலேயே இங்கே வந்தேன். நம் ஊரில் பெண்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். நான் புகுந்த நாட்டுக்கே வந்துவிட்டேன். எங்கள் வரிசையில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் முதல் நாளிலிருந்தே என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயரை யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, நாற்காலி உண்டு, நல்ல மீன்துண்டும் உண்டு. ஆனால் எந்த வீட்டிலும் அவன் வந்தவன்தான். கோவில்பட்டியில் அப்பா அம்மா போனபிறகு பூட்டிப்போட்ட வீடு ஒன்று எனக்கு இருக்கிறது. அதன் நீண்ட இரும்புச் சாவியை இங்குள்ள கிரில் கதவுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து, தினமும் கால்சட்டைப் பையில் சுமந்து திரிகிறேன். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் அந்தச் சாவிக்கு ஒரு வேலையும் இல்லை என்று கௌரி சொல்லுவாள். வாஸ்தவம்தான்.

பாக்கியம் அக்கா எங்களுக்கு நான்காவது வீடு. ஐம்பத்து நான்கு வயது. செமோர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவிப் பால் எடுத்து, தோட்டம் கைமாறி மரங்களையெல்லாம் சாய்த்த பிறகு புந்தோங்குக்கு வந்தவர். டவுனில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. நம் ஊர் ஆட்களுக்கு ஹோட்டல் என்றால் இட்லி நினைவுக்கு வரும். இது ஏழு மாடிக் கட்டடம், படுத்துத் தூங்குகிற இடம். முட்டி தேய்ந்துபோனதால் மெத்தையைத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் மெத்தை தூக்க வேண்டாம், கையில் நோட்டோடு நடந்தால் போதும். மூன்று மாதம் பார்க்கிறோம், நோட்டை ஒழுங்காக எழுதினால் நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நோட்டு ஆங்கிலத்தில். அதுதான் சிக்கல்.

முதல் வாரமே ஒரு அறையில் துணிமணி இறைந்து கிடந்ததைப் பார்த்து, "கெஸ்ட் வெரி டர்ட்டி" என்று எழுதிவிட்டார். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அன்று சாயங்காலம் வேலிப்பக்கம் வந்து நின்றார். "மாப்பிளே, அழுக்குன்னா டர்ட்டி, சரிதானே? பின்ன ஏன் போஸ் காட்டுக்கத்தலா கத்துறாரு?" அழுக்கு வேறு, அலங்கோலம் வேறு, இரண்டாவதற்கு மெஸ்ஸி என்று விளக்கினேன். "அப்படிச் சொல்லுங்க லா! இது மாதிரி இன்னும் எத்தன இருக்கு?" முந்நூறு என்றேன். மறு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தெருமுனை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அதே ஹோட்டலில் வேலை செய்கிற ஆறு பெண்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரைவிட்டு வந்தபிறகு நான் மறுபடி வாத்தியாரானது அப்படித்தான். அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், வெள்ளைப் பலகையை நாலு முறை துடைத்தேன்.

அந்த ஆறு பேரில் மல்லிகா அதிகம் பேசமாட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹோட்டலுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பாக்கியம் அக்காவின் அதே தோட்டம், அடுத்தடுத்த லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுவாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள். ஒரு வாரம் லாஸ்ட், மிஸ்ஸிங், ஸ்டோலன் என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டேன். ஹோட்டலில் தினமும் வேண்டிய சொற்கள். லாஸ்ட் என்றால் சொந்தக்காரர் தொலைத்தது. ஸ்டோலன் என்றால் ஒருவன் எடுத்தது. மிஸ்ஸிங் என்றால் இருந்த இடத்தில் இல்லை, மற்றபடி ஒன்றும் தெரியாது. "மலாய்ல எல்லாத்துக்கும் ஹிலாங்னு ஒண்ணே போதும் சார்" என்றாள் ஒருத்தி. "தமிழ்ல காணோம்னு சொல்லுவோம்" என்றார் பாக்கியம் அக்கா. காணோம் என்றால் நாங்கள் பார்க்கவில்லை என்றுதானே பொருள். அந்தச் சொல் யார் மேலும் விரல் நீட்டவில்லை. இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

கவனிக்காததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் கோவில்பட்டி வீட்டில் ஒரு வெள்ளித் தம்ளர் காணாமல் போனது. காலையில் எல்லோரும் காணோம் காணோம் என்றுதான் தேடினோம். மத்தியானத்துக்குள் அது திருடுபோச்சு என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது, யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. சாயங்காலம், பாத்திரம் தேய்க்க வந்த வேலம்மாளை இனிமேல் வரவேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்துத் தவிட்டு மூட்டைக்குள்ளிருந்து தம்ளர் கிடைத்தது. அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வேலம்மாள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

அந்த வகுப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாக்கியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. "மாப்பிளே, வெளுத்த துணியெல்லாம் அடுக்கி வைப்போம்ல, அந்த ஸ்டோர் ரூம்லேருந்து பேசுறேன். நேத்து நாலாவது மாடியில ரூம காலி பண்ணிட்டுப் போன அம்மா கோலாலம்பூர்லேருந்து போன் பண்ணியிருக்காங்க. தங்கச் சங்கிலியக் காணோமாம். திருடிட்டாங்கன்னு சத்தம் போடுறாங்க. திங்கக்கெழம நேர்ல வாராங்களாம், போலீசுக்கும் போவாங்களாம். அந்த ரூம சுத்தம் செஞ்சது மல்லிகா."

"மல்லிகா என்ன சொல்றா?"

"அவளுக்கு இன்னிக்கும் நாளைக்கும் லீவு லா. ஆயர் தாவார்ல தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. போன் போட்டா எடுக்கல. போஸ் இங்க ரிப்போட் எழுதச் சொல்லி நிக்கிறாரு. ஸ்டோலன்னு எழுது, ரூம் செஞ்சவ பேர எழுது, கீழ கையெழுத்துப் போடுங்கிறாரு. எழுதவா?"

எழுதினால் மல்லிகாவின் வேலை அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்த ஹோட்டலும் அவளை எடுக்காது. எழுதாவிட்டால் பாக்கியம் அக்காவின் மூன்று மாதம் தண்ணீரில் போகும், முட்டியோடு மறுபடி மெத்தை தூக்க வேண்டும். ஆங்கில வாத்தியாரிடம் இவ்வளவு பெரிய கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க உங்க கண்ணால என்ன பார்த்தீங்க?" என்றேன்.

"நான் என்னாத்தப் பாத்தேன்? ரூம் பூரா தேடிட்டேன், துணி மூட்டையெல்லாம் உதறிட்டேன். காணோம்."

"அப்ப அத மட்டும் எழுதுங்க."

"மிஸ்ஸிங்" என்றார். போனை வைத்துவிட்டார்.

நடந்ததைச் சாயங்காலம் வேலியோரம் நின்று அவரே சொன்னார். மேலாளர் நோட்டைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸிங், ஸ்டோலன், சேம் லா. யூ வாண்ட் டு பீ சூப்பர்வைசர் ஆர் நாட்?" என்றாராம். இவர், "நாட் சேம், போஸ். மிஸ்ஸிங் ஐ நோ. ஸ்டோலன் ஐ டோன்ட் நோ" என்றிருக்கிறார். மேலாளர் முகம் சுருங்கி, திங்கட்கிழமை வரை பார்க்கிறேன் என்று போய்விட்டாராம். நான் பள்ளியில் நடத்திய அத்தனை பிள்ளைகளிலும் ஒருவர்கூட என் பாடத்தை இப்படி எழுதியதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. மல்லிகாவின் இடம் காலியாக இருந்தது. போன் இன்னும் எடுக்கவில்லை. நாலு மணிக்கே முடித்துவிட்டேன். எல்லோரும் போனபிறகு பாக்கியம் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார், "நீங்க என்னா நெனைக்கிறீங்க மாப்பிளே, எடுத்திருப்பாளா?" தெரியலக்கா என்றேன். அது பொய். எடுத்திருப்பாள் என்றுதான் இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேசாத ஆள், போனை எடுக்காத ஆள், விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியாத ஆள் என்று ஒவ்வொன்றாகக் கோத்து வைத்திருந்தேன். அடுத்தவருக்கு மிஸ்ஸிங் என்று எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் மனசுக்குள் நான் ஸ்டோலன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். வேலம்மாளை வாசலில் நிறுத்திய வீட்டுப் பிள்ளை வேறு எப்படி நினைப்பான்? வெட்கமாக இருந்தது.

மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். எங்கள் கோயில் வாசலில் அரசமரத்தடியில் ஒரு சூலம் நட்டிருக்கிறது. அதில் எப்போதும் ஏதாவது தொங்கும். ஒற்றைக் கொலுசு, கைக்கடிகாரம், சாவி, சில நேரம் மஞ்சள் துணியில் முடிந்த சிறு பொட்டலம். ஒன்பது வருடமாக நேர்த்திக்கடன் என்று நினைத்து, கடந்து போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவேன். அன்று ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சூலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, அதிலிருந்து ஒரு சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பதறிவிட்டது. "அக்கா, யாரோ நேர்ந்துகிட்டதை அவர் பாட்டுக்கு எடுத்துட்டுப் போறாரே!" என்றேன்.

பாக்கியம் அக்கா இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "நேர்த்தியா? ஐயோ மாப்பிளே, அது தொலஞ்ச சாவி லா! யாரோ ரோட்டுல பாத்து எடுத்து மாட்டியிருப்பாங்க. தோட்டத்துப் பழக்கம் இது. இருட்டோட பால்காட்டுக்குப் போவோம்ல, தோடு விழும், மோதிரம் விழும். எடுத்தவங்க முனியாண்டி சூலத்துல மாட்டிட்டு வேலையப் பாக்கப் போய்டுவாங்க. கீழ கெடந்த பொன்ன ராத்திரி வீட்டுல வைக்கக் கூடாது. வாயத் தொறந்தும் சொல்லக் கூடாது, சொன்னா ஆளாளுக்கு என்னுதுன்னு வருவாங்க. தொலச்சவங்க எப்படியும் மொதல்ல சாமிகிட்டத்தான வந்து அழுவாங்க, அப்ப கண்ணுல..."

அதோடு நின்றுவிட்டார். சுருட்டிய பாய் அவர் கையிலிருந்து நழுவியது. "ஸ்டோர் ரூம்ல நாங்க கும்புடுற அம்மன் படம் இருக்கு" என்றார். அடுத்த நிமிடம் அவர் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக்கூட நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

படத்துக்குக் கீழே, ஊதுவத்தி குத்துகிற ஆணியில், மஞ்சள் துணியில் முடிந்து சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அதே படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அவர் எனக்குப் போன் செய்திருக்கிறார். ஏழு வருடம் கிடைத்ததையெல்லாம் வரவேற்பு மேசையில் கொடுத்துக் கொடுத்து எனக்கே மறந்துபோச்சு மாப்பிளே என்று பிறகு பலமுறை சொல்லி மாய்ந்துபோனார். திங்கட்கிழமை காலை மல்லிகா வழக்கம்போல வேலைக்கு வந்து, கைப்பையை வைக்கும் முன்பே கேட்டாளாம், "அக்கா, அந்தம்மா வந்து எடுத்துக்கிட்டாங்களா?" போன், காது குத்திய பிள்ளையின் கையில் விளையாட்டுச் சாமானாகி, குளிக்கிற வாளிக்குள் போயிருந்தது.

தோட்டத்தில் அந்த ஏற்பாடு ஒருநாளும் பொய்த்திருக்காது. பொருள் தொலைத்தவருக்கும் எடுத்தவருக்கும் அங்கே ஒரே சாமி. கோலாலம்பூர் அம்மாள் என்ன செய்வார்? அவர் தொலைத்ததும் போன இடம் ஹோட்டலின் வரவேற்பு மேசை. படுக்கை விரிப்பு அடுக்குகிற அறைக்குள் வந்து மாரியம்மனிடம் அழவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மல்லிகா அதை யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றாத அளவுக்கு அவளுக்கு அது இயல்பு. எல்லாவற்றையும் மேலாளருக்கு விளக்க பாக்கியம் அக்காவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மேலாளர் பாதி புரிந்து, ஃபாரத்தை மூட வேண்டுமே என்று, "ஃபவுண்ட். ஹிடன் இன் ஸ்டோர் ரூம், அப்படி எழுது" என்றாராம்.

அந்தத் தாளைப் பாக்கியம் அக்கா போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கோணல்மாணலான பெரிய எழுத்து. 'ஃபவுண்ட். கெப்ட் சேஃப் பை மல்லிகா.' ஹிடன் என்ற சொல் அதில் இல்லை. "ஒளிச்சா வச்சா? இல்ல. பத்திரமா வச்சிருந்தா. ரெண்டும் ஒண்ணா மாப்பிளே?" என்று கேட்டிருந்தார். ஹிடன், கெப்ட் என்ற ஜோடியை நான் நடத்தவே இல்லை. என் முந்நூறில் அது கிடையாது. முந்நூற்று ஒன்றாவதாகப் பழுப்பு அட்டை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சங்கிலியை வாங்கிய அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் போலீசுக்கும் போகவில்லை. மல்லிகாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது. பாக்கியம் அக்காவுக்கு மூன்று மாதம் முடிந்து சூப்பர்வைசர் என்று எழுதிய, சட்டையில் குத்துகிற சிறு பட்டை வந்தது. அடுத்த ஞாயிறு மல்லிகா தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு சார் என்றாள். நான் சந்தேகப்பட்டேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு, நோட்டைத் திறந்து தேதிக்குக் கீழே கோடு போட்டாள். வேலம்மாளுக்குச் சொல்லவேண்டியதையும் சேர்த்துத்தான் அன்று சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் நடந்து நாலைந்து மாதம் இருக்கும். போன வாரம், அந்தச் சீனப் பெரியவர் என்னை லாங் ஸ்டே என்று வியந்த அதே காலை, வீட்டுக்குத் திரும்பி வந்து கிரில் கதவருகே பைக்குள் கைவிட்டால் சாவிவளையம் இல்லை. கௌரி வேலைக்குப் போயிருந்தாள். போன் செய்தேன். கிரில் சாவி தன்னிடமும் ஒன்று இருக்கிறது, மத்தியானம் வருகிறேன், பதற வேண்டாம் என்றாள். நான் பதறியது கிரில் சாவிக்காக இல்லை. அது அவளுக்கும் தெரியும். "சந்தையிலயே விழுந்திருக்கும். போய்ப் பாருங்க" என்றாள்.

விறுவிறு என்று நடந்தேன். அரசமரத்தடிக்கு வந்து நின்றபிறகுதான், நான் சந்தைப் பக்கமே திரும்பவில்லை என்பது உறைத்தது. கையைக் குவித்து, "தாயே, சாவியக் காணோம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். சூலத்தின் நடு முனையில் என் வளையம் தொங்கியது. பளபளக்கிற சின்னச் சாவியும் கறுத்த நீளச் சாவியும் காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன. வேலைக்குப் போகிற வழியில் பாக்கியம் அக்கா மோட்டாரை நிறுத்தி, "என்னா மாப்பிளே, வரவேற்பு மேசைக்குப் போயி ரிப்போட் எழுதலியா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நான் உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஊர்க்காரர்கள் ஏதாவது தொலைத்தால் முதலில் போகிற இடத்துக்கு என் கால் தானாக வந்திருந்தது. நான் தொலைத்திருந்ததோ கோவில்பட்டி வீட்டுச் சாவியை.